கழுவிய பில்டரும் காற்று வரும் இடமும்

ஓசூரில் இருக்கும் என் சாமிக்கு, அம்மா எழுதுகிறேன்.

நம் பக்கத்துத் தீவன மில்காரர்கள் எல்லாம் சேர்ந்து இந்த வருசம் ஒரு ஆண்டு மலர் போடுகிறார்கள். தூசி பிடிக்கும் பில்டரை எப்படிப் பார்த்து வாங்குவது என்று ஒரு கட்டுரை எழுதித் தரச் சொல்லி என்னிடம் கேட்டார்கள். சமீபத்தில் எல்லாவற்றையும் மாற்றியது நாம்தான் என்பதால் கேட்டிருப்பார்கள். சரி என்று சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்தேன். முதல் வரி எழுதுவதற்குள் உன் முகம் வந்து நின்றுகொண்டது. அதற்குப் பிறகு கட்டுரை எங்கே வருவது? அதனால் உனக்கே எழுதுகிறேன். மலரைப் புரட்டுகிறவர்கள் ஓரமாக நின்று படித்துக்கொள்ளட்டும். அவர்களுக்கு வேண்டிய பில்டர் சங்கதியும் இதற்குள் இருக்கும், அது இல்லாமல் நம் கதையைச் சொல்ல முடியாது.

போன வாரம் நீ போனில் ஒன்று கேட்டாய். “பில்டரெல்லாம் மாத்தியாச்சில்லம்மா, நான் திரும்பி மில்லுக்கே வந்துரட்டுமா?” என்றாய். சோள லாரி வந்து நிற்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்றைக்கு லாரி எதுவும் வரவில்லை. நான் மில் வாசலில் சும்மாதான் நின்றுகொண்டிருந்தேன். உன் கேள்விக்கு உரிய பதிலை இந்தக் கடிதத்தில் சொல்லிவிடுகிறேன். போனில் என்றால் நீ குறுக்கே பேசுவாய், நான் உன் வழிக்கு வந்துவிடுவேன்.

நம் மில்லைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. புதுச்சத்திரத்திலிருந்து உள்ளே தள்ளி, ஒரு பக்கம் சோளக்காடும் மறுபக்கம் அரளித் தோட்டமுமாக இருக்கிற கோழித் தீவன மில். மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, தவிடு, கருவாட்டுத் தூள் எல்லாம் வரும். அரைத்துக் கலந்து மூட்டை பிடித்துப் பண்ணைகளுக்கு அனுப்புவோம். அரைக்கிற இடத்தில் தூசி பறக்காமல் இருக்க ஒரு பெரிய இரும்புப் பெட்டி வைத்திருக்கிறோம். விசிறி தூசிக் காற்றை அந்தப் பெட்டிக்குள் இழுக்கும். உள்ளே மடிப்பு மடிப்பாகத் தாள் வைத்த உருளைகள் வரிசையாகத் தொங்கும். விற்கிறவர்கள் காட்ரிட்ஜ் என்பார்கள், நமக்கு அது பில்டர்தான். தூசி தாளின் வெளிப்பக்கத்தில் நின்றுவிடும், காற்று மட்டும் உள்ளே புகுந்து மேல் வழியாக வெளியேறும். கம்ப்ரஸர் காற்று அவ்வப்போது உள்ளிருந்து அடித்து, ஒட்டியிருக்கும் தூசியைக் கீழே உதிர்க்கும். பெட்டியின் பக்கவாட்டில் ஒரு சின்ன மீட்டர் உண்டு. பில்டர் அடைத்துக்கொண்டால் அதன் முள் மேலே ஏறும். முள் கீழே நின்றால் காற்று தாராளமாகப் போகிறது என்று அர்த்தம். அப்படித்தான் நாம் எல்லாரும் நினைத்தோம்.

அந்தப் பெட்டியிலிருந்து வெளியேறுகிற காற்றை முதலில் வெளியேதான் விட்டிருந்தோம். பக்கத்து அரளித் தோட்டத்துக்காரர் வந்து, பூவெல்லாம் மாவு பூசின மாதிரி இருக்கிறது, சந்தையில் எடுக்கமாட்டேன் என்கிறார்கள் என்று சத்தம் போட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு நம்பாவிட்டாலும், சண்டை வேண்டாம் என்று அப்பா குழாயை வளைத்து மில்லுக்கு உள்ளேயே திருப்பிவிட்டார். சுத்தமான காற்றுதானே, உள்ளே வந்தால் என்ன என்பது அவர் கணக்கு. அதுவும் சித்திரை, வைகாசியில் தகரக் கூரைக்குக் கீழே அது ஒன்றுதான் காற்று. நீ படிப்பை முடித்துவிட்டு மில்லுக்கு வந்தபோது உன் மேசையை எங்கே போடுவது என்று யோசித்து, அந்தக் குழாய் திறக்கிற இடத்துக்கு நேராகப் போடச் சொன்னது நான். பிள்ளை வியர்க்காமல் உட்காரட்டும் என்று நினைத்தேன். மில்லிலேயே நல்ல இடம் உனக்குத்தான். மதியம் சாப்பிட்டுவிட்டு அந்த நாற்காலியிலேயே தலையைச் சாய்த்து நீ தூங்குவதும், வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறான் பார், முதலாளி என்று முருகேசன் அண்ணன் கேலி பண்ணுவதும் வழக்கமாயிற்று. உன்னைக் கேலி பண்ண முருகேசனுக்கு உரிமை உண்டு. மில் ஆரம்பித்த நாளிலிருந்து மெசின்களை ஓட்டுகிறவர் அவர்தான்.

அப்புறம் ஆயுத பூசை. நம் ஊர்ப்பக்கம் ஆயுத பூசைக்கு எதைத்தான் கழுவாமல் விடுகிறோம்? லாரி, டிராக்டர், போர் போடும் ரிக், தையல் மெசின், தராசு, திருகுப்புளி வரைக்கும் கழுவிச் சந்தனம் வைத்துவிட்டுத்தான் மறுவேலை. மில்லில் அதற்கு முதல் நாள் முழுக்கத் தண்ணீர்தான். லாரி கழுவுகிற பம்ப்பை வைத்து நீயும் முருகேசனும் பில்டர்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றி எடுத்து, மடிப்புக்கு மடிப்பு தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவீர்கள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அந்த வேலைக்கு நீ முதல் ஆளாக நிற்பாய். மஞ்சள் தண்ணீர் ஓடி ஓடித் தெளிந்த தண்ணீர் வரும்வரை விடமாட்டாய். சோளம் காயவைக்கிற களத்தில் வரிசையாக நிறுத்தி வெயிலில் காயவைத்து, ஒவ்வொன்றுக்கும் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து முடித்த பிறகு மாட்டுவோம். மெசினை ஓட்டினால் முள் அடியில் நிற்கும். எங்களுக்கு அவ்வளவு சந்தோசம். “பாருங்கக்கா, புதுசு கணக்கா இழுக்குது,” என்பார் முருகேசன். சாமி கும்பிட்ட பலன் உடனே கிடைத்துவிட்ட மாதிரி இருக்கும்.

நம் பில்டர் தாள் பில்டர். தண்ணீர் பட்டால் தாள் ஊறும். காய்ந்தாலும் பழைய இறுக்கம் வராது. மடிப்பு முனைகளில் மயிரிழை அளவுக்குக் கிழிசல் விடும், அடியில் மூடியோடு ஒட்டின பசை வாய் பிளக்கும். நனைந்த சோள மாவு மடிப்புக்குள் பசையாக இறுகிக் கிடக்கும். அதைவிட முக்கியமான ஒன்றை இந்த மலரைப் படிக்கிறவர்கள் குறித்துக்கொள்ளட்டும். பில்டரில் மெல்லிசாகப் படிகிற முதல் தூசிதான் அடுத்து வருகிற பொடித் தூசியைப் பிடிக்கிறது. மொழுமொழுவென்று இருக்கிற பில்டரைவிட, லேசாக மாவு படிந்த பில்டர்தான் நன்றாக வேலை செய்யும். நாம் அதைப் பார்த்துப் பார்த்துக் கழுவினோம். முள் அடியில் நின்றதற்குக் காரணம் பில்டர் சுத்தமானது அல்ல, காற்று கிழிசல் வழியாகப் புகுந்து போனதுதான். கண்ணுக்குத் தெரியாத பொடி எல்லாம் அந்தக் காற்றோடு வளைந்து வந்து உன் மேசைக்கு நேராக இறங்கியது. கையால் மூட்டையில் கொட்டுகிற இடத்தில் பறக்கிற தூசியை எல்லாரும் பார்க்கிறோம், துண்டை வாயில் கட்டிக்கொள்கிறோம். உன் இடத்தில் தூசி தெரியவே தெரியாது.

ஐப்பசி பிறந்தால் உனக்கு இருமல் வரும். மழை, பனி என்று சொல்லி நான் கசாயம் வைப்பேன். பங்குனிக்கு மேல் தானாகக் குறையும். கிழிசல்களைத் தூசியே அடைத்துக்கொள்கிற காலம் அது என்று இப்போது தெரிகிறது. அடுத்த ஆயுத பூசைக்கு மறுபடி கழுவி, மறுபடி திறந்துவிடுவோம். இப்படியே போய், போன மார்கழியில் நீ மாடிப்படி ஏறிவந்து பேச முடியாமல் கையைக் காட்டினாயே, அன்றைக்குத்தான் சேலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம். டாக்டர் நிதானமான மனிதர். மில்லில் எந்த இடத்தில் உட்காருகிறாய் என்று கேட்டார். நீ சந்தோசமாக, நல்லாக் காத்து வர்ற இடத்துலீங்க என்று சொன்னாய். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அந்தக் காற்று எங்கேயிருந்து வருகிறது என்று அடுத்த கேள்வி கேட்டார். பதில் சொன்னது நான்தான்.

உன் நுரையீரல் சோளத் தூசியை இனிமேல் ஏற்காது, கொஞ்சம் பட்டாலும் சண்டைக்கு வரும், வேறு வேலை பார்த்துக்கொள்வது நல்லது என்றார். அதைக் கேட்டு நான் அழவில்லை, சாமி. பஸ்ஸில் வரும்போது நீ ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாய், நான் டிக்கெட்டை மடித்துக்கொண்டே வந்தேன். உன்னை நாமக்கல்லில் நம் ஊட்டில் விட்டுவிட்டு மில்லுக்குப் போய், வந்திருந்த சோயாவை எடை போட்டு இறக்கினேன். மரத்துப்போன காலை ஊன்றி நடக்கிறபோது தரை இருக்கிறதா இல்லையா என்று தெரியாதே, அந்த மாதிரி இருந்தது. இன்றைக்கும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது. பொங்கல் கழித்து நீ ஓசூருக்குப் பை தூக்கிக்கொண்டு போனபோது சனம் எல்லாம் என் முகத்தையே பார்த்தது. அம்மாக்காரி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று உன் அத்தை இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள். சொல்லட்டும். அவளுக்குப் பதில் சொல்லவும் எனக்குத் தெம்பில்லை.

நீ கிளம்பின மறுநாள் அப்பாவின் பழைய வெள்ளை வேட்டி ஒன்றைக் கிழித்து, அந்தக் குழாய் வாயில் கட்டிவிட்டு மெசினை ஓட்டச் சொன்னேன். சுத்தமான காற்று வருகிற வாய் அது. சாயங்காலம் அவிழ்த்துப் பார்த்தால் துணி மஞ்சள் அரைத்துத் தடவினாற்போல் இருந்தது. உதறினேன், சோள மாவு கொட்டியது. பெட்டியைத் திறந்து ஒரு பில்டரை எடுத்து, போன் லைட்டை உள்ளே விட்டு வெளியிலிருந்து பார்த்தேன். மடிப்பு நெடுகப் புள்ளி புள்ளியாக வெளிச்சம். முருகேசன் பக்கத்தில் நின்று பார்த்தார். “நாமதானுங்கக்கா கழுவுனோம்,” என்றார். அவர் வெளியே போய்ச் சோளக் களத்தில் உட்கார்ந்துகொண்டார். நான் அந்த மேசையை இழுத்து அப்புறப்படுத்தினேன். அதன் இழுப்பறை ஓரங்களில் எல்லாம் மாவு இறுகிக் கிடந்தது.

இனி பில்டர் வாங்கின கதை. கோயமுத்தூரிலிருந்து ஒரு தம்பி வந்தான். நல்ல பையன், உன் வயது இருக்கும். படங்களை விரித்து, இதில் மடிப்பு அதிகம், அதனால் பரப்பு அதிகம், பரப்பு அதிகம் என்றால் தூசி அதிகம் பிடிக்கும் என்று அடுக்கிக்கொண்டே போனான். ஆக்சா பிளேடு எடுத்து நம் பழைய பில்டர் ஒன்றை அவன் முன்னாலேயே குறுக்கே அறுக்கச் சொன்னேன். அதுவும் நெருக்க மடிப்புப் பில்டர்தான். மடிப்பின் அடிப்பாகம் முழுக்கச் சோளத் தோல் பொட்டும் மாவும் இறுகி, தாள் இருக்கிற இடமே தெரியவில்லை. இங்கே எந்தக் காற்று போகும், இந்தப் பரப்பை வைத்து என்ன பண்ணுவது என்று கேட்டேன். அவன் சிரித்துக்கொண்டே, எல்லாரும் பரப்பைத்தான் கேட்கிறார்கள், அதனால் அதையே முதலில் சொல்லிப் பழகிவிட்டது என்று ஒப்புக்கொண்டான். அதன் பிறகு இரண்டு பேரும் பழகினவர்கள் மாதிரி உட்கார்ந்து பேசினோம். உரசிப் பொடிகிற இரும்புத் தூசிக்கு வேறு மடிப்பு, பொட்டும் நாருமாக வருகிற நம் தூசிக்கு வேறு மடிப்பு. நமக்கு மடிப்புக்கு நடுவே விரல் நுழைகிற இடைவெளி வேண்டும். உதிர்த்தால் தூசி கீழே விழவேண்டும்.

தாள் வேண்டாம், பாலியஸ்டர் துணி என்று முடிவு பண்ணினேன். மழைக் காலத்தில் ஈரச் சோளம் வருகிறது, தவிட்டில் எண்ணெய் இருக்கிறது, கருவாட்டுத் தூள் பிசுபிசுக்கும். அதனால் துணியின் மேல் ஒட்டாத மெல்லிய பூச்சு உள்ளதாகக் கேட்டேன். சோள மாவு தீப்பிடிக்கிற சாமான். காற்றில் உரசி மின்சாரம் சேர்ந்து ஒரு பொறி விழுந்தால் பெட்டியே வெடிக்கும். அதனால் அந்த மின்சாரத்தைக் கடத்திவிடுகிற கரி இழை போட்ட ரகம், பெட்டியிலிருந்து தரைக்கு எர்த் வயர். விசிறிக்கு ஏற்ற அளவு பில்டர் நம் பெட்டியில் இல்லை என்பதையும் அந்தத் தம்பிதான் கணக்குப் போட்டுக் காட்டினான். குறைவான பில்டர் வழியாக வேகமாக இழுத்தால் எந்த நல்ல துணியும் சீக்கிரம் சாகும். பக்கத்திலேயே இன்னொரு சின்னப் பெட்டி சேர்த்தோம். ரப்பர் வளையம் சரியாக உட்காராவிட்டால் எவ்வளவு நல்ல பில்டரும் வீண் என்பதால், மாட்டும்போது நானே ஏணி ஏறி ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தேன். கம்ப்ரஸர் தொட்டியில் சேருகிற தண்ணீரைத் தினம் காலையில் திறந்துவிடுகிறோம், இல்லாவிட்டால் உதிர்க்கிற காற்றே பில்டரை நனைத்துவிடும். மீட்டர் முள் ஏறினாலும் பார்க்க வேண்டும், காரணமில்லாமல் இறங்கினாலும் பார்க்க வேண்டும். இறங்கினால் கொண்டாடாதீர்கள் என்று மலர் படிக்கிற எல்லாருக்கும் சொல்கிறேன். காற்று வெளியேறுகிற குழாயை மில்லுக்கு உள்ளே திருப்பாதீர்கள் என்பதும் என் வேண்டுகோள். நாங்கள் அதைக் கூரைக்கு மேலே உயர்த்தி விட்டிருக்கிறோம். அரளித் தோட்டத்துக்காரரையே கூட்டிவந்து, குழாய் வாயில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டினேன். துணி வெள்ளையாகவே இருந்தது, அவரும் சரி என்றுவிட்டார்.

இந்த வருச ஆயுத பூசைக்குப் பில்டரை யாரும் தொடக்கூடாது என்றேன். மில்லே முகம் சுளித்தது. கழுவாத சாமானுக்கு எப்படிப் பூசை போடுவது, அபசகுனம் இல்லையா என்று மூட்டை பிடிக்கிற பெண்கள் எல்லாம் முணுமுணுத்தார்கள். முருகேசன் ஒருத்தர்தான் அவர்களிடம் பேசினார். “சாமி கோவிச்சுக்கிட்டா என்னைக் கேக்கட்டும். நீங்க போய் வெளிப்பெட்டியைத் துடைங்க,” என்றார். பெட்டியின் வெளிப்பக்கத்தில் சந்தனம் குங்குமம் வைத்தோம், மீட்டர் கண்ணாடியில் மட்டும் வைக்கவில்லை. அந்தப் பெண்கள் இப்போது துண்டை வாயில் கட்டாமல் வேலை பார்க்கிறார்கள், கட்டிக்கொள்ளுங்கள் என்று நான் விரட்ட வேண்டியிருக்கிறது. வேலை முடிந்து போகும்போது மூக்கில் மாவு வருவதில்லை என்கிறார்கள். முருகேசனுக்கும் செருமல் குறைந்துவிட்டது. நல்லது என்று எனக்குத் தெரிகிறது. சந்தோசம் மட்டும் வரவில்லை. இந்த வேலையை நான் உனக்காக ஆரம்பித்தேன், உனக்கு மட்டும் அது உதவாது என்று தெரிந்துகொண்டே முடித்தேன்.

அப்பாவுக்கு அது புரியவில்லை. சோளம் வாங்க ஊர் ஊராகச் சுற்றுகிறவருக்கு மில்லில் நீ இல்லாதது கை ஒடிந்த மாதிரி இருக்கிறது. உனக்குக் கண்ணாடி அறை கட்டி ஏசி வைத்துத் தருகிறேன், தூசியே பட வேண்டாம், உள்ளேயே உட்கார்ந்து பார்க்கட்டும் என்கிறார். அளவெல்லாம் எடுத்துவிட்டார். உன்னிடமும் சொல்லியிருப்பார், அதனால்தான் நீ கேட்கிறாய் என்று நினைக்கிறேன். “ஊட்டுல ஒத்தப் பையன், அவனையும் வேண்டாங்கிறியே, உனக்கு மனசே இல்லையா?” என்று ஒருநாள் சாப்பிடும்போது கேட்டார். சோறு பிசைந்த கையோடு அவர் முகத்தைப் பார்த்தேன். “இருக்குதுங்க. அதனாலதான் வேண்டாங்கறேன்,” என்றேன். அவர் ரசம் ஊற்றச் சொன்னார்.

நீ கண்ணாடி அறையில் எவ்வளவு நேரம் உட்காருவாய் என்று எனக்குத் தெரியும். சோளம் அரைக்கிற ஹேமர் மில் சத்தம் கொஞ்சம் மாறினால் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடுகிறவன் நீ. கதவைத் திறந்துகொண்டு வருவாய். ஒருநாள் நான் எடுத்துச் சொல்வேன், இன்னொரு நாள் வேலை அவசரத்தில் நானே உன்னைக் கூப்பிடுவேன். அதுதான் எனக்குப் பயம். எனக்கு உதவி வேண்டும், கண்ணு. எனக்கு வயதாகிறது, ஏணி ஏறினால் முழங்கால் வலிக்கிறது. நீ வந்து நின்றால் போ என்று சொல்லும் தைரியம் எனக்கு இருக்காது. தூரத்தில் இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும். எந்தத் துணி வாங்கினாலும், எந்தப் பூச்சு போட்டாலும், தீவன மில்லில் தூசி குறையுமே தவிர இல்லாமல் போகாது. மற்ற எல்லாருக்கும் அந்தக் குறைந்த அளவு போதும். உனக்கு அதுவும் கூடாது என்று டாக்டர் சொன்னதை நானும் நீயும் சேர்ந்துதானே கேட்டோம்.

அதனால் மில்லுக்கு வராதே, சாமி. இதுதான் என் பதில். ஓசூர் வேலை பிடிக்காவிட்டால் வேறு வேலை தேடு, சேலத்தில் தேடு, உன் பேரில் ஒரு கடை வைத்துக்கொடு என்றாலும் அப்பாவைச் சம்மதிக்க வைக்கிறேன். மில் என் காலத்துக்குப் பிறகு என்ன ஆகும் என்பதை நினைத்து நீ உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். முருகேசனும் அந்தப் பெண்களும் இருக்கிறவரை ஓடும், அப்புறம் யாருக்காவது கைமாறும்.

பொங்கலுக்கு நாமக்கல் ஊட்டுக்கு வா. பஸ் ஸ்டாண்டுக்கு அப்பா வருவார். அவர் சட்டை மாற்றியிருக்கிறாரா என்று பார்த்து அனுப்புகிறேன். நீ வந்து வாசலில் நிற்கும்போது நான் ஓடி வந்து பையை வாங்கவில்லையே என்று நினைக்காதே. மில்லிலிருந்து நேராக வந்திருப்பேன், தலைமுடி, சேலை மடிப்பு, நகக்கண் எல்லாம் சோளத் தூசி இருக்கும். பின்பக்கமாகப் போய்விடுவேன். நீ உள்ளே உட்கார்ந்து தண்ணீர் குடி. கொஞ்சம் பொறு, தலைக்குக் குளித்துவிட்டு வருகிறேன்.